முண்டாசுக்குக் காவல்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் போதும், செஞ்சிக்குக் கிழக்கே இருக்கிற கிராமங்களில் ரஞ்சிதத்தின் தலை தெரிந்தவுடனேயே வசவு கிளம்பிவிடும்.

"வந்துட்டாய்யா கரண்டு நிறுத்துறவ!"

"காலங்காத்தால வந்துட்டியா மகராசி? இன்னிக்கி எவன் பயிரு காயணும்?"

ரஞ்சிதம் கோபித்துக்கொள்ள மாட்டாள். இடுப்பில் செருகிய அரிவாளைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஆடிக் காத்துல கம்பி அறுந்து வுழுந்தா மாசம் பூரா காயும் ஐயா! இன்னிக்கி ஒரு பொழுது பொறுத்துக்கக் கூடாதா?" என்று சிரித்தபடியே நடப்பாள். வசவு அவளுக்குப் புதிதல்ல. பூமாலையைப் போல அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள் அந்தப் பெண்.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கவலை இறைத்துக் களைத்த மாடுகள் கொட்டகைக்குத் திரும்பின. கிணற்று மேட்டில் மோட்டார் உட்கார்ந்தது. செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர்ப் பக்கம் போகிற கம்பி வயல்களைத் தாண்டி, பாறைக் கரடுகளைச் சுற்றி, ஏரிக்கரைப் புளியமரங்களுக்கு நடுவே நுழைந்து போயிற்று. நுழைந்த இடத்தில்தான் வினை. மரம் சும்மா இருக்குமா? வளர்ந்தது. காற்றடித்தால் கிளை கம்பியை உரசும், பொறி பறக்கும், ஊரெல்லாம் மோட்டார் மூச்சை நிறுத்திவிடும். அதனால் ஆடிக் காற்று கிளம்புவதற்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்க் கிளைகளைக் கழித்து, கம்பிக்கு வழிவிட்டு வருவதற்கு ஒரு கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவர் லைன்மேன் ராஜாராம். மரம் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் ரஞ்சிதம்.

அவளுக்கென்று கொடுத்தது தரை வேலை. கம்பிக்கு அடியில் மண்டிக் கிடக்கிற சூரை, காரை, வேலிக்காத்தான் முட்புதர் எல்லாவற்றையும் வேரோடு வெட்டி எறிய வேண்டும். கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற தாங்கு கம்பியில் கோவைக்கொடி ஏறியிருந்தால் அறுத்து இழுக்க வேண்டும். நாலு மழை பெய்தால் அந்தக் கொடி உச்சிக்கே போய்க் கரண்டைத் தொட்டுப் பார்க்கும் குணமுடையது. முள் கிழித்த கையும் வெயில் தின்ற முகமுமாக அந்த வேலையை ரஞ்சிதம் செய்தாள்.

ஆனால் அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இன்னொன்று இருந்தது. கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கும் வேலை.

லைன் பிரிகிற இடத்தில் ஒரு ஜோடிக் கம்பம் நிற்கும். உச்சியில் சுவிட்ச். அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு கீழே இறங்கி, மார்பளவு உயரத்தில் ஒரு கைப்பிடியில் முடியும். கைப்பிடியைக் கீழே இழுத்தால் அந்தப் பக்கம் முழுவதும் மின்சாரம் நிற்கும். மேலே தூக்கினால் ஓடும். பயிர் காய்கிற எவனும் ஒரு தம் பிடித்துத் தூக்கிவிடலாம் என்பதுதான் அதிலுள்ள பயங்கரம்.

அப்படித் தூக்கிவிட்டார் ஒருவர், ஒரு நாள்.

அப்போது கைப்பிடிக்குப் பூட்டு கிடையாது. மரத்தில் அரிவாள் விழுகிற சத்தம்தான் அடையாளம். சத்தம் கேட்டால் ஆள் மேலே இருக்கிறான். சத்தம் ஓய்ந்தால் வேலை முடிந்தது. கேட்டுக் கேட்டுக் குடியானவர்கள் தங்களுக்குள் அப்படி ஒரு முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அன்று மரத்தில் இருந்தவன் ரஞ்சிதத்தின் கணவன் துரைக்கண்ணு. கயிற்றை வேறு கிளைக்கு மாற்றிக் கட்டுவதற்காக அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தான். மரத்தை மறைத்து நின்ற ஒரு கரட்டுக்கு இந்தப் பக்கம், சுவிட்ச்சுக் கம்பத்தருகே தன் நாற்றங்காலைப் பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்த ஒரு குடியானவர், சத்தம் ஓய்ந்துவிட்டது என்று கைப்பிடியைத் தூக்கினார்.

கெட்டவரல்ல அவர். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையை ரஞ்சிதமே பார்த்தாள். பார்த்து என்ன பயன்? துரைக்கண்ணு தன் கால்களால் அந்த மரத்திலிருந்து இறங்கவில்லை. ராஜாராமின் தோளில்தான் இறங்கினான்.

ஐயோ, அந்த நாட்களை எப்படிச் சொல்வது! கைக்குழந்தை சாந்தி பாலுக்குக் கதற, தாய் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். மார்பில் பால் வற்றிவிட்டது. அப்போது கொல்லந்தாங்கலில் சிறிதளவு நிலம் வைத்திருந்த பவுனம்மாள் காலனித் தெருவுக்குள் தானே நடந்து வந்தாள். ஊரார் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பெத்தவ எழுந்திருக்கிற வரைக்கும் எங்க மாடு இருக்குது இவளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி செய்தாள்.

எழுந்தாள் ரஞ்சிதம். எழுந்தவள் நேராக ராஜாராமிடம் போய் நின்றாள்.

"எம் புருசன் பாத்த வேலயில எனக்கு ஒரு எடம் குடுங்க ஐயா."

"மரம் ஏறுவியாம்மா நீ?"

"ஏற மாட்டேன். ஏறினவங்க எறங்குற வரைக்கும் சுச்சுக் கம்பத்துல ஒக்காந்திருப்பேன்."

ராஜாராம் சைக்கிளை எடுத்தார். கடைவீதிக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து, சாவியை அவள் கையில் கொடுத்தார். சாவி மட்டும் அவளுக்குப் போதவில்லை. கூட்டத்தைக் கூப்பிட்டு வைத்து அவளே ஒரு சட்டம் போட்டாள்.

"சத்தத்த நம்பி எங்குடி போச்சி. வாயால சொல்றதயும் நம்ப மாட்டேன். ஏறப் போறவரு தல முண்டாச அவுத்து எங்கிட்ட குடுத்துட்டுப் போவணும். எறங்கி வந்து அவரே கையால வாங்கிக்கணும். அண்ணனுக்காகத் தம்பி வாங்கக் கூடாது. எல்லா முண்டாசும் போன அப்புறம்தான் பூட்டத் தொறப்பேன்."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறப் போகிறவன், தாலி அறுத்தவள் கையிலா தலைத்துணியைக் கொடுப்பான்? எதிரே வந்தாலே போகிற காரியம் கெடும் என்று ஒதுங்கி நடக்கிற உலகமல்லவா இது! முதலில் முணுமுணுத்தார்கள். ஆனால் துரைக்கண்ணு போன விதத்தை எல்லாரும் கண்ணால் கண்டவர்கள். உயிர்ப்பயம் சகுனத்தை ஜெயித்தது. ஒவ்வொருவராக வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது, முண்டாசை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒருவரைத் தவிர. அவர் உத்திராபதி. துரைக்கண்ணுவின் கூடப் பிறந்த அண்ணன்.

"இவ கால் வெச்ச நேரம் எந்தம்பிய முழுங்கிட்டுது" என்று சாவு வீட்டில் கத்தியவர் அவர்தான். அன்றோடு ரஞ்சிதத்திடம் பேச்சை நிறுத்தினார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிட்டால், வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்புவார். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்திலிருப்பவரிடம், "அந்தப் பொம்பளகிட்ட சொல்லு" என்பார். முண்டாசையும் அவள் கையில் தரமாட்டார். யாரும் ஏறாமலிருக்கக் கம்பத்தில் சுற்றியிருக்கும் முள்கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். வேலை முடிந்து தானே எடுத்துக்கொள்வார். ரஞ்சிதம் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் மடியில் கிடக்கிற துணிகளைப் போலவே அதற்கும் அவள் காவல் இருந்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷத்து ஆனியில் கூட்டம் கொல்லந்தாங்கலுக்கு வந்தது.

கழிக்க வேண்டியது கரட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் நிற்கிற பெரிய புளியமரம். சுவிட்ச்சுக் கம்பம் கரட்டுக்கு இந்தப் பக்கம். நடுவில் யானைகள் படுத்துக் கிடப்பது போலப் பாறைகள். இங்கே நிற்பவருக்கு மரம் தெரியாது. அரிவாள் சத்தம் மட்டும் பாறைமேல் ஏறி இறங்கி வரும். ராஜாராம் கைப்பிடியை இழுத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆட்களோடு போனார். ரஞ்சிதத்தின் மடியில் முண்டாசுகள். தலைக்கு மேலே முள்கம்பியில் உத்திராபதியின் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

வெயில் ஏறிய பிறகு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தாள் பவுனம்மாள்.

"ரஞ்சிதம்! எப்ப சுச்ச போடப்போற?"

"ஆளுங்க வரட்டும்மா. பெரிய மரம்."

"இன்னிக்கி எம் மொறடி!" என்றாள் பவுனம்மாள்.

அவள் சொன்னதன் கனம் ரஞ்சிதத்துக்குப் புரியாமலில்லை. பவுனம்மாளின் கிணறு அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. பங்காளிகள் எல்லாருக்கும் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். தன் முறை நாளில் கரண்டு இல்லாமல் போனால் போனதுதான். அடுத்தவர் தன் நாளை விட்டுக்கொடுக்க மாட்டார். இனி அவள் முறை சுற்றி வர வேண்டும். அதுவரை தாங்குமா? சொர்ணவாரிப் பட்டத்து நெல் பால் பிடிக்கிற பருவம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே மணி இருக்காது. பதர்தான் மிஞ்சும்.

"பொழுது சாயிறதுக்குள்ள ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சிட்டா பொழச்சிக்கும். அதுக்கப்புறம் மொற மாறிடும். தெரியுமில்ல?"

"தெரியும்மா. வந்துடுவாங்க. செத்த ஒக்காருங்க."

பவுனம்மாள் உட்காரவில்லை. கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரிவாள் சத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னும் சில குடியானவர்களும் வந்து சேர்ந்தார்கள். "மரத்த வெட்டுறாங்களா, இல்ல மரத்துக்கு முடி சீவுறாங்களா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பவுனம்மாள் சிரிக்கவில்லை.

பிறகு சத்தம் நின்றது.

அந்த மௌனம் ரஞ்சிதத்துக்குத் தெரியும். அந்த மௌனம்தான் அவள் தாலியை வாங்கிக்கொண்டு போனது.

"முடிஞ்சிது!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "சத்தம் நின்னுடுச்சி, தொற பூட்ட!"

"முண்டாசுக்காரங்க வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். முன்னால் சைக்கிளில் ராஜாராம். பின்னால் புளிய இலை ஒட்டிய உடம்போடு ஆட்கள். ஒவ்வொருவராகக் கை நீட்டி முண்டாசை வாங்கிக்கொண்டார்கள். மடி காலியாயிற்று. ராஜாராம் சைக்கிளை நிறுத்தி, "போதும்மா, எல்லாம் ஆச்சு. சாவி கொடு. பாவம், ஜனங்க காத்துக்கிட்டு இருக்குது" என்றார்.

ரஞ்சிதம் தலையை நிமிர்த்தினாள். முள்கம்பியில் சிவப்புக் கட்டத் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பெரியவரு எங்க ஐயா?"

"உத்திராபதியா? எறங்கிட்டான். என் கண்ணால பாத்தேன். கயித்தச் சுருட்டிக்கிட்டு வர்றான்."

"வரட்டும்."

"வர்றான்னு சொல்றேனே! நான் லைன்மேன் சொல்றேன்ம்மா!"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க ஐயா. ஆனா துண்டு இன்னும் தொங்குது."

கூட்டத்தில் ஒருவன் பல்லைக் காட்டினான். "அந்தத் துண்ட அவரு உங்கிட்டயா குடுத்தாரு? கம்பத்துக்கிட்ட குடுத்தாரு. கம்பம் பாத்துக்கும், நீ எழுந்திரு!"

சிரிப்பு எழுந்தது. ரஞ்சிதத்தின் காது மடல் சிவந்தது. எழுந்தாள், ஆனால் விலகிப் போவதற்கல்ல. சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இனி எந்த ஆணும் கை நீட்ட முடியாது. ராஜாராமின் முகம் கறுத்தது.

"இத்தன பேரு முன்னால எம் பேச்சுக்கு மரியாத இல்லியா? நாளையிலருந்து நீ வேலைக்கி வராத!"

"சரி ஐயா. நாளைக்கி வரல. இன்னிக்கி இங்கதான் இருப்பேன்."

அப்போதுதான் பவுனம்மாள் முன்னால் வந்தாள். கோபமாக வந்திருந்தால் ரஞ்சிதம் தாங்கியிருப்பாள். அவள் கண் நிறைய நீரோடு வந்தாள்.

"ரஞ்சிதம், இங்க பாரு. உன் சாந்தி பசியில கத்தினப்போ நான் மொற பாத்தேனா? சாதி பாத்தேனா? என் வூட்டுப் பால அவ வாயில ஊத்தினேனா இல்லியா? அந்தக் கொழந்த மேல ஆணையா கேக்கறேன். லைன்மேனே அவன் எறங்கிட்டான்னு சொல்றாரு. எங்கிட்ட இருக்கிறது அந்த ஒரு துண்டு நெலம்தாண்டி!"

கத்தி இறங்கினாலும் ரஞ்சிதத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது. எந்தக் கைகளுக்கு முத்தம் கொடுக்க வேண்டுமோ, அந்தக் கைகள் இப்போது அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன! யாருக்காக இந்தப் பிடிவாதம்? தன்னை மனுஷியாகக்கூட மதிக்காத ஒருவருக்காகவா? தன் முகத்தில் விழித்ததற்குத் தண்ணீர் குடித்துத் தோஷம் கழிக்கிறவருக்காகவா? அவர் இறங்கித்தான் இருப்பார். ராஜாராம் பார்த்தேன் என்கிறாரே. பூட்டைத் திறந்துவிட்டால் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஊரே மெச்சும். பவுனம்மாளின் பயிர் பிழைக்கும்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் விரல்கள் தளர்ந்தன.

கரட்டின் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனத்துக்குள் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தான். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, கீழே யாரோ ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டிருப்பார் என்று நம்பிக்கொண்டு.

"அம்மா!" என்று வெடித்து அழுதாள் ரஞ்சிதம். "என் தோல உரிச்சுச் செருப்பு தெச்சிப் போட்டாலும் நீங்க செஞ்சதுக்கு ஈடாவாது. என் உசுரக் கேளுங்க, இப்பவே குடுக்கறேன். இந்தக் கைப்பிடிய மட்டும் கேக்காதீங்க. இது என்னுது இல்ல. அந்தத் துண்டுக்காரருது!"

பவுனம்மாள் கும்பிட்ட கைகளைக் கீழே போட்டாள். "கல்லுடி நீ. இந்தக் கரட்டுல இன்னொரு கல்லு" என்றாள்.

வெயில் வயலின் மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தது. ராஜாராம் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிளம்பினார், உத்திராபதியைக் கையோடு இழுத்து வருவதற்காக. அவர் பாறை வளைவை நெருங்குவதற்குள் எதிரே ஓர் ஆள் வருவது தெரிந்தது.

உத்திராபதிதான். நடக்கவில்லை, ஓடி வந்தார். முன்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. தலைமுடியெல்லாம் புளிய இலை. தோளில் கயிறு. கம்பத்தடிக்கு வந்து, கைப்பிடி கீழே இருப்பதையும் அதை அணைத்தபடி நிற்கிறவளையும் பார்த்தார். பார்த்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா இது கோலம்?" என்றார் பின்னாலேயே வந்த ராஜாராம். "நீதான் எறங்கிட்டியே!"

"எறங்கினேன் ஐயா. நீங்கல்லாம் கெளம்பின பின்ன அண்ணாந்து பாக்கறேன், நாம வெட்டின கெள ஒண்ணு கீழ வராம, இன்னொரு கெளயில மாட்டிக்கிட்டுக் கம்பி மேல சாஞ்சி கெடக்குது. அப்படியே கரண்டு வந்தா என்னாவும்? பொறி பறந்து பீஸு போவும். மறுபடியும் எல்லாத்தயும் நிறுத்தணும். இன்னிக்கி பவுனம்மா மொறன்னு காலையில ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க, அது பூரா போயிடும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "கத்தினேன். இந்தப் பாறையில யாருக்குக் கேக்கும்? ஓடி வந்து சொல்லிட்டுத் திரும்பிப் போனா பொழுது போயிடும். அதான் மறுபடியும் ஏறினேன்."

"ஏறினியா?" என்றார் ராஜாராம். "இவ்வளவு நேரமும் மேலயா இருந்த? கம்பிய தொட்டுக்கிட்டா?"

"கட்டிப் புடிச்சிக்கிட்டு ஐயா. கெளய இழுக்க வேற வழி இல்ல."

ராஜாராம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அவை செய்ய இருந்த காரியத்தைப் பார்ப்பவர் போல. குடியானவர்களில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பல்லைக் காட்டியவன் எங்கேயோ பார்த்தான்.

"உனக்குப் பயமா இல்லியாடா? நான் சுச்சாண்ட வந்துட்டேன்னு உனக்குத் தெரியுமே!" என்று அலறினார் ராஜாராம்.

உத்திராபதி முள்கம்பியில் தொங்கிய துண்டை நிமிர்ந்து பார்த்தார். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒன்றைத் திறப்பதற்கு அவருக்கு நேரம் பிடித்தது.

"மரத்தடியில நின்னு நானும் அதத்தான் நெனச்சேன் ஐயா. லைன்மேன் போயிட்டாரே, போட்டுட்டா என்னா பண்றதுன்னு. அப்பறம் நெனப்பு வந்திச்சி. எந் துண்டு கம்பத்துல தொங்குது. அங்க குந்திக்கிட்டு இருக்கிறவ எமனே வந்து சாவி கேட்டாலும் குடுக்க மாட்டா. அந்தத் தைரியத்துலதான் கால எடுத்து வெச்சேன்."

ரஞ்சிதம் கேட்டாள். கேட்டுக்கொண்டே நின்றாள். அப்போதுதான் கைப்பிடியை விட்டுக் கையை எடுத்தாள்.

உத்திராபதி எழுந்து அவளுக்கு நேர் எதிரே வந்தார். முகத்தைத் திருப்பவில்லை. பக்கத்திலிருப்பவரைத் தேடவில்லை.

"ரஞ்சிதம்" என்றார்.

பெயர் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தத் துண்ட எடுத்துக் குடும்மா. உங்கையால."

முள்கம்பியில் சிக்கியிருந்த துணியை அவள் நூல் அறுபடாமல், ஒவ்வொரு முள்ளாக விடுவித்து எடுத்தாள். ஒரு முள் விரலில் குத்தியது. அவளுக்கு அது தெரியவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினாள். ஊர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் குனிந்து வாங்கி, தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"எந்தம்பி போன அன்னிக்கி இந்த மாதிரி ஒருத்தி அங்க இல்லாம போயிட்டாளேன்னுதான் நான் அழுதிருக்கணும்" என்றார். "யாரத் திட்டுறதுன்னு தெரியாம உன்னத் திட்டினேன்."

"வுடுங்க மாமா" என்றாள் ரஞ்சிதம்.

ராஜாராம் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். "நாளைக்கி வேலைக்கி வந்துடும்மா" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டே. "நான் சொன்னத மனசுல வெச்சிக்காத."

"நாளைக்கி எந்த ஊரு ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் பவுனம்மாள் போட்ட கூச்சல் கரட்டில் முட்டித் திரும்பியது.

"அழுது முடிச்சிட்டீங்களா எல்லாரும்? எம் மொற போவுதுய்யா! யாராச்சும் அந்தச் சுச்ச தூக்கித் தொலைங்களேன்!"

ரஞ்சிதம் பூட்டைத் திறந்தாள். ராஜாராம் கைப்பிடியைத் தூக்கினார். உச்சியில் ஒரு சொடுக்குச் சத்தம். தூரத்தில் கிணற்று மேட்டில் மோட்டார் முனகி, பிறகு முழங்கத் தொடங்கியது. பவுனம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

கூட்டம் சாமான்களைக் கட்டிக்கொண்டு செஞ்சிப் பாதையில் கிளம்பியது. ரஞ்சிதம் அவர்களோடு போகவில்லை. யாரும் கூப்பிடாமலே பவுனம்மாளின் வயலுக்குப் போனாள். கொட்டகையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். பொழுது சாய அதிக நேரமில்லை. இருக்கிற தண்ணீரில் ஒரு துளிகூட வழியில் நின்றுவிடக் கூடாது. எலி வளையை மிதித்து அடைத்தாள். கசிகிற வரப்புக்கு மண் அணைத்தாள். ஒரு பாத்தி நனைந்ததும் மடையை வெட்டி அடுத்ததற்குத் திருப்பினாள். பவுனம்மாள் மறு முனையில் நின்றாள். பேசவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

வெயில் மஞ்சளாகிக் கரட்டின் உச்சிக்கு ஏறியபோது மேல் வயல் முழுவதும் நனைந்திருந்தது. கீழ் வயல் நனையவில்லை. முறை முடிந்துவிட்டது. மோட்டார் நிற்க, வாய்க்காலில் வந்த கடைசித் தண்ணீரை இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதி போயிற்று; பாதி பிழைத்தது.

வண்டிப் பாதையில் போன பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மாட்டை நிறுத்தினார். மத்தியானம் கம்பத்தடியில் நடந்தது அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது, ஆனால் அரைகுறையாக.

"யாரு பவுனம்மா அது, மட பாக்கறது? உம் பயிரக் காய வெச்சாளாமே ஒருத்தி, அவளா? அவளப் போயி வயல்ல எறக்கியிருக்கிற?"

ரஞ்சிதம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தலைகுனிந்தாள். பவுனம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஆமா, காய வெச்சவதான். நான் காலப் புடிக்காத கொறையா கெஞ்சினேன், அசையல. லைன்மேன் மெரட்டினாரு, அசையல. பத்துக் குடியானவன் சேந்து கத்தினான், அசையல. அசைஞ்சிருந்தா இன்னிக்கி உத்திராபதி பொண்டாட்டி தாலிய அறுத்துக்கிட்டுக் கெடப்பா. அந்தப் பாவத்தச் சொமந்துக்கிட்டு நான் எந்தக் கஞ்சியக் குடிப்பேன்?" அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "உங்க ஊர்ல இருக்குதா இப்படி ஒருத்தி? காட்டுங்க பாக்கலாம்! எங்க வூட்டுப் பால் குடிச்ச கொழந்தையோட ஆத்தாய்யா இவ!"

பெரியவர் மாட்டைத் தட்டிக்கொண்டு போனார். ரஞ்சிதம் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை. பவுனம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பாக்கற?" என்றாள் பவுனம்மாள். "அந்த மடைய அட. மேல் வயல் தண்ணி கீழ எறங்கிடப் போவுது."

ரஞ்சிதம் குனிந்து, ஒரு வெட்டு மண்ணை எடுத்து மடையில் வைத்து, காலால் அழுத்தி மிதித்தாள்.